இரண்டாம் பாதிச் சட்டை

அவள் ஆட்டம் பார்ப்பதில்லை. தேசிய கால்பந்து அணியின் சட்டை துவைக்கும் வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். மைதானத்தின் மேற்குப் படிகளுக்கு அடியில் அவளுடைய சலவை அறை. மேலே படிகள் ஏறுவதால் கூரை சாய்ந்திருக்கும். உள்ளே போகப் போகத் தலை குனிய வேண்டும். இரண்டு பெரிய இயந்திரங்கள், ஒரு தேய்ப்பு மேஜை, சுவருக்குச் சுவர் கட்டிய கொடி. தலை உயரத்தில் கம்பி போட்ட சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. அதில் பார்த்தால் புல்லும் ஆட்டக்காரர்களின் கால்களும் மட்டும் தெரியும். அதையும் அவள் ஒரு பழைய துண்டால் மூடி வைத்திருந்தாள்.

பார்க்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. ஆட்டம் முடிந்ததும் அது சட்டை மூட்டையாக அவள் கைக்கு வந்துவிடும். இடுப்புப் பக்கம் பச்சைக் கறை இருந்தால் சறுக்கி விழுந்து பந்தை எடுத்தவன். தோளில் நூல் விட்டிருந்தால் யாரோ பிடித்து இழுத்திருக்கிறார்கள். முதுகில் மட்டும் கறை என்றால் அவனை அவள் சும்மா விடமாட்டாள்.

"ஏண்டா, முதுகு மட்டும் பச்சையா இருக்கு? படுத்துத் தூங்கினியா?"

"இல்லக்கா, தள்ளி விட்டுட்டான்."

"தள்ளி விட்டா முன்னாடிதானே விழுவாங்க? நீ ரெஃப்ரி முன்னாடி விழுந்திருக்க."

அணியில் எல்லோருக்கும் அவள் அக்கா. ஒருவனுக்கு மட்டும் சொந்த அக்கா. அணியின் கேப்டன் அவள் தம்பி. தம்பியின் சிபாரிசில் வந்தவள் என்று புதிதாக வரும் அதிகாரிகள் நினைப்பார்கள். உண்மை நேர் எதிர். அம்மா போன பிறகு ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் நின்று அவனை வளர்த்தவள் அவள். அங்கிருந்து இங்கே மாறி வந்தபோது அவன் இன்னும் பள்ளிக்கூட அணியில் ஆடிக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்கு ஆடுவதற்கு இருந்தது ஒரே சட்டை. மற்றப் பிள்ளைகள் இடைவேளையில் உலர்ந்த சட்டைக்கு மாறும்போது இவன் ஈரத்தோடு மறுபாதியும் ஆடுவான். பெரிய ஆட்டக்காரன் ஆன பிறகும் அதை அவன் விடவில்லை. அணியில் எல்லோருக்கும் பாதிக்கு ஒன்றாக இரண்டு சட்டை எடுத்து வைப்பாள். தம்பிக்கு ஒன்றுதான். வற்புறுத்தினால், "மாத்தினா மறந்துடுவேன்க்கா" என்பான். எதை மறப்பான் என்று அவள் கேட்டதில்லை. கேட்காமலே புரிந்ததாக நினைத்துக்கொண்டாள். அன்பு இருக்கும் இடத்தில் மனிதர்கள் செய்கிற பிழை அது.

அவனைப் பற்றி அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. கோல் அடிப்பான் என்பதல்ல. சொன்னால் சொன்னதுதான் என்பது. சின்ன வயதில் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டு அவனே போய்க் கதவைத் தட்டி, "நான்தான்" என்று நின்றான். அதை அவள் இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த காசு போல ஆக்கியிருந்தாள்.

அந்த வருஷம் பெரிய போட்டிக்கான தகுதிச் சுற்று நடந்தது. ஐந்து நாடுகள் ஒரு பிரிவு. ஒவ்வொருவரும் மற்ற நால்வரோடும் சொந்த ஊரில் ஒரு முறை, அவர்கள் ஊரில் ஒரு முறை ஆட வேண்டும். வென்றால் மூன்று புள்ளி, சமன் என்றால் ஒன்று. முடிவில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் பெரிய போட்டிக்குப் போவார்கள். மற்றவர்கள் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும்.

எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டில் ஆட்டம் இருந்தபோதுதான் அந்த விபரீதம் நடந்தது. சாலையெல்லாம் மழை. சாமான் வண்டியின் தார்ப்பாய் கிழிந்து பெட்டிகளுக்குள் சேற்றுத் தண்ணீர் புகுந்துவிட்டது. போய் இறங்கித் திறந்து பார்த்தால் இரண்டு பாதிக்கான சட்டைகளும் சேறு. சாயங்காலம் ஆட்டம். ஒரே நிறத்தில், எண் தெரிகிற மாதிரி, ஒழுங்கான உடையோடு நிற்காவிட்டால் ஆடாமலே அந்த ஆட்டத்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள். அதுதான் விதி. மூட்டையைத் தூக்கிக்கொண்டு அந்த மைதானத்துச் சலவை அறைக்கு ஓடினாள்.

அங்கே சலவை வேலையில் இருந்தவர் வழுக்கைத் தலையை மறைக்க எந்நேரமும் ஒரு தொப்பி போட்டிருந்தார். தன்னையே இயந்திரத்தில் போட்டுச் சுற்றினாலும் அது தலையை விட்டு வராது என்று அவரே சொல்லிக்கொள்வார். அவள் மூட்டையை இறக்கி வைக்கும்போதே பின்னால் அந்த நாட்டு அணியின் அதிகாரி ஒருவர் வந்துவிட்டார். அவளைப் பார்க்காத மாதிரி தொப்பிக்காரரிடம் பேசினார்.

"மெஷின் ரிப்பேர்னு சொல்லிடுய்யா."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். எனக்குத்தான் பொய் சொல்ற பட்டன் ரிப்பேர்."

"உன் நாட்டு மேல உனக்கு அக்கறை இல்லையா?"

"இருக்கு சார். அதனாலதான் ஜெயிச்சா ஆடி ஜெயிக்கட்டும்னு பாக்கறேன்."

அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு போனார். தொப்பிக்காரர் தன் அணியின் துணிகளை இயந்திரத்திலிருந்து எடுத்துத் தரையில் போட்டுவிட்டு இவளுடையதைப் போட்டார். இருவரும் ஆளுக்கொரு தேய்ப்புப் பெட்டியோடு ஈரத்தை விரட்டினார்கள். எண்கள் உருகாமல் இருக்க மேலே துணி போட்டுத் தேய்த்தார்கள். கடைசிச் சட்டை இளஞ்சூட்டோடு போய்ச் சேர்ந்தபோது ஆட்டக்காரர்கள் வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். ஆட்டம் சமன். ஆளுக்கு ஒரு புள்ளி.

அதற்குப் பிறகு தொலைபேசியில் அடிக்கடி பேசிக்கொண்டார்கள். பேச்சு பெரும்பாலும் கறைகளைப் பற்றியது. அவள் அவரை அண்ணே என்றாள். அவருக்கு அவள் தங்கச்சி.

"அந்த ஒரு பாயிண்ட் நம்ம ரெண்டு பேரும் தேய்ச்சு எடுத்ததும்மா" என்பார். "எங்க ஆபீஸ்ல எனக்கு இன்னும் யாரும் முகம் குடுக்கறதில்ல."

"பெரிய போட்டியில பாத்துக்கலாம் அண்ணே. ரெண்டு டீமும் போகும். பக்கத்துப் பக்கத்து ரூம் கேட்டு வாங்கிடலாம்."

"வாங்கு. ஆனா என் மெஷின்ல சேத்துச் சட்டை போடக் கூடாது."

கடைசிச் சுற்று வந்தது. ஐந்து அணிகள் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணிக்கு ஆட்டம் இருக்காது. அந்தச் சுற்றில் அது தொப்பிக்காரரின் அணி. அவர்கள் தங்கள் ஆட்டங்களையெல்லாம் ஆடி முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆட்டத்துக்கு முதல் நாள் தம்பி சலவை அறைக்கு வந்து, தேய்ப்பு மேஜை மேல் ஏறி உட்கார்ந்து, ஒரு வாழைப்பழத்தை உரித்தான். நிலவரம் என்ன என்று கேட்டாள். கொடியில் இருந்த மூன்று கிளிப்புகளை ஒரே இடத்துக்குத் தள்ளினான்.

"இது நாம. இது நாளைக்கு நம்மகூட ஆடறவங்க. இது உன் தொப்பி அண்ணன் டீம். மூணு பேருக்கும் ஒரே பாயிண்ட். ஆனா கோல் கணக்குல தொப்பி டீம்தான் முன்னாடி இருக்காங்க. நாளைக்கு நாம ஜெயிச்சா நாம முதல், அவங்க ரெண்டாவது. எதிர் டீம் ஜெயிச்சா அவங்க முதல், தொப்பி டீம் ரெண்டாவது. நாம வீட்டுக்கு."

"அப்ப யாரு ஜெயிச்சாலும் அண்ணன் டீம் போயிடுமா?"

"போயிடும்."

"சமன் ஆனா?"

அவன் பழத்தைக் கடித்தான். "சமன் ஆனா நாளைக்கு ஆடற ரெண்டு டீமுக்கும் ஒரு பாயிண்ட் கூடும். தொப்பி டீம் வெளியே."

அவன் ஒதுக்கித் தள்ளிய மூன்றாவது கிளிப் கொடியில் தனியாக ஆடியது. அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"சமனுக்கு ஆடுவீங்களாடா?"

"ஏன்க்கா இப்படிக் கேக்கற? நம்ம ஊர்ல, நம்ம ஜனம் முன்னாடி. ஜெயிக்கத்தான் ஆடுவோம்."

"அண்ணன் கிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லு. நான் சொன்னேன்னே சொல்லு."

அவன் பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் அப்படித்தான் நினைத்தான். ஒரு வாக்கு கொடுக்கும்போது உண்மையாக இருப்பது சுலபம். அதற்கு விலை வரும் நேரத்தில்தான் அது வாக்கா பேச்சா என்று தெரியும். அன்று அவளுக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை. அவன் படி ஏறிப் போன உடனே போன் போட்டாள்.

"அண்ணே, கவலைப்படாதீங்க. என் தம்பி வாயால சொல்லிட்டான். அவன் பேச்சு மாற மாட்டான். அதுக்கு நான் பொறுப்பு."

"நீ பொறுப்புன்னா எனக்குத் தூக்கம் வரும்மா" என்றார் அவர்.

மறுநாள் ஆட்டம் தொடங்கியதும் கூரை அதிர்ந்தது. கூட்டத்தின் கால்கள் அவள் தலைக்கு மேலேதான். எம்புவதும் உட்காருவதும் அவளுக்கு அத்துப்படி. கொடியில் தொங்கிய துண்டுகள்கூட ஆடின. நன்றாக ஆடுகிறார்கள் என்று தெரிந்தது. இடைவேளைக்கு முன் நீளமான ஒரு கூச்சல் எழுந்து பாதியில் அறுந்தது. பந்து கம்பத்தில் பட்டிருக்க வேண்டும்.

இடைவேளையில் நடைபாதையின் ஓரத்தில் அரைக்கதவுக்குப் பின்னால் புதுச் சட்டைகளோடு நின்றாள். ஒவ்வொருவனாக வந்து ஈரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு உலர்ந்ததை வாங்கிப் போனான். எறிந்தவை கனத்தன. நடைபாதை திரும்பும் மூலையில் தம்பி எதிரணிக் கேப்டனோடு நின்றுகொண்டிருந்தான். இருவர் தலையும் நெருங்கியிருந்தன. இரண்டு பயிற்சியாளர்களும் கொஞ்சம் தள்ளி, ஒருவரையொருவர் பார்க்காமல், ஆனால் ஒரே இடத்தில் நின்றார்கள். அவள் அதைப் பார்த்தாள். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. கேப்டன்கள் பேசிக்கொள்வது வழக்கம்தான்.

தம்பி வந்தான். சட்டையில் இடுப்பெல்லாம் பச்சை. தோளில் தையல் விட்டிருந்தது.

"அக்கா, எனக்கும் ஒண்ணு குடு."

அவளுக்குக் கை நின்றுவிட்டது. "உனக்கா?"

"ம்."

"கிழிஞ்சதுக்கா? ரெண்டு தையல் போட்டா சரியாயிடும், இரு."

"வேண்டாம்க்கா. புதுசு குடு."

எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவனுக்காக எடுத்து வைத்து, ஒவ்வொரு முறையும் அப்படியே திருப்பி அடுக்கும் அந்தச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் போட்டுக்கொண்டு போனான்.

சட்டைகளைப் படிப்பதில் அவளுக்குத் தவறு நேர்ந்ததே இல்லை. அன்று நேர்ந்தது. இத்தனை வருஷம் மாற்றாதவன் மாற்றுகிறான் என்றால் இரண்டாம் பாதியில் உயிரைக் கொடுக்கப் போகிறான் என்று படித்தாள். ஓடி வந்து போனை எடுத்தாள்.

"அண்ணே! அவன் சட்டை மாத்திட்டான்!"

"யாரு? தம்பியா? அவன்தான் மாத்தவே மாட்டானே?"

"அதான் சொல்றேன். இன்னைக்கு மாத்திட்டான். இனிமே பாருங்க."

"நீ சொன்னா சரி. எங்க பசங்க எல்லாரும் இங்கதான் டிவி முன்னாடி உக்காந்திருக்காங்க. நான் சொல்லிடறேன்."

இரண்டாம் பாதி தொடங்கியது. முதலில் கூரை வழக்கம்போல அதிர்ந்தது. பிறகு அடங்கியது. காயம் யாருக்காவது பட்டிருக்கும் என்று நினைத்தாள். அமைதி நீண்டது. அங்கங்கே விசில். பிறகு சிரிப்பு, ஆட்டத்துக்கு எழும் சிரிப்பு அல்ல, கிண்டல் சிரிப்பு. அதற்கும் பிறகு இன்னொரு சத்தம் வந்தது. அது இதுவரை அந்தக் கூரை வழியாக வராத சத்தம். ஒரே சீராக, சாவகாசமாக, கை தட்டினார்கள். சமன் போதும் என்று மேலே உட்கார்ந்திருந்த ஊர் கணக்குப் போட்டு முடித்துவிட்டது.

ஜன்னலுக்குப் போய்த் துண்டை இழுத்தாள். துண்டில் இருந்த தூசி கண்ணில் விழுந்தது.

புல் தெரிந்தது. கால்கள் தெரிந்தன. கால்கள் நின்றுகொண்டிருந்தன. பந்து ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போய், அங்கே கொஞ்சம் இளைப்பாறி, வந்த வழியே திரும்பியது. எதிரணிக் கால்கள் பத்தடி தள்ளி நின்று அதற்கு வழிவிட்டன. பிறகு மரியாதையாகப் பந்து அந்தப் பக்கம் போனது. அவர்களும் அப்படியே செய்தார்கள். தம்பியின் கால்களை அவளுக்குத் தெரியும். பந்து வரும்போது இடது பாதம் லேசாக உள்ளே திரும்பும். அந்தப் பாதங்கள் பேருந்துக்கு நிற்பவனின் பாதங்களைப் போல நின்றன. ஒரே ஒரு ஜோடிக் கால்கள் மட்டும் அங்கும் இங்கும் ஓடின. அணியில் எல்லோரும் 'இன்ஜின்' என்று கேலி செய்யும் இடப்பக்கத்து ஆட்டக்காரனுடையவை. அவன் பந்தைக் கேட்டுக் கேட்டு ஓடினான், யாரும் கொடுக்கவில்லை.

அவள் துண்டைத் திரும்பப் போடவில்லை. கடைசிவரை பார்த்தாள். அவள் வாழ்க்கையில் முழுதாகப் பார்த்த முதல் ஆட்டம் அதுதான்.

விசில் ஊதியதும் கூரை இடிந்துவிடும் போலிருந்தது. பட்டாசு, பாட்டு. சலவை அறையில் போன் அடித்தது. எடுக்க வேண்டாம் என்று நினைத்தாள். எடுக்காமல் விடுவது அதைவிடக் கேவலம் என்று எடுத்தாள்.

"தங்கச்சி" என்றார் தொப்பிக்காரர். பின்னால் டிவி சத்தம் இல்லை. "வாழ்த்துகள்மா. பெரிய போட்டி நடக்கற ஊர்ல தண்ணி கொஞ்சம் உப்புன்னு சொல்றாங்க. வெள்ளைத் துணிக்கு சோப்பு பாத்துப் போடு."

"அண்ணே, நான் சொன்னது..."

"ரெண்டாம் பாதி நடுவுலயே ரெண்டு மூணு பேரு எந்திரிச்சாங்க. இது ஆட்டம் இல்லன்னு புரிஞ்சு போச்சு அவங்களுக்கு. நான்தான் உக்கார வச்சேன். 'சட்டை மாத்திட்டான், ஆடுவான், உக்காருங்கடா'ன்னேன். கடைசி வரைக்கும் உக்காந்திருந்தாங்கம்மா." ஒரு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. "அவங்களையாவது அப்பவே போக விட்டிருக்கலாம். சரி, வச்சுடறேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். மன்னிப்புக் கேட்கவாவது ஓர் இடம் இருந்திருக்கும்.

மூட்டைகள் வந்தன. முதல் பாதிச் சட்டைகளை ஒரு பக்கம் போட்டாள். கனமும் ஈரமும் புல் வாடையுமாக அவை ஒழுங்காக இருந்தன. இரண்டாம் பாதியை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். காலரில் அவள் வைத்த மடிப்பு அப்படியே இருந்தது. முகர்ந்து பார்த்தால் அவளுடைய சோப்பு வாடைதான் அடித்தது. ஒன்று மட்டும் பிழிந்தால் சொட்டும் போலிருந்தது. எண்ணைப் பார்க்காமலே யாருடையது என்று தெரிந்தது.

கேப்டனின் சட்டை மூட்டையில் இல்லை. அது கேப்டனோடு வந்தது. தம்பி கதவைத் திறந்துகொண்டு, கூச்சலையும் உள்ளே அழைத்துக்கொண்டு வந்தான்.

"அக்கா! வா, எல்லாரும் போட்டோ எடுக்கறாங்க. உன்னையும் கூப்பிடறாங்க. நாம போறோம்க்கா! நீயும் வர்ற!"

அவள் அவன் சட்டையைப் பார்த்தாள். மார்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"என்கிட்ட என்னடா சொன்ன?"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. கதவைச் சாத்தினான். "அக்கா, ரூல்ல தப்பு ஒண்ணும் இல்ல. யாரையும் ஏமாத்தல. சமன் ஆனா ரெண்டு பேரும் போறோம். ஜெயிக்கறேன்னு ஓடி, அந்தப் பக்கம் ஒரு கோல் விழுந்திருந்தா? இந்த ஊர் என்னை உயிரோட விட்டிருக்குமா? கோச் சொன்னாரு. அவங்களும் சரின்னாங்க. நான் மட்டும் என்ன பண்ண முடியும்?"

"இன்ஜின் ஓடினானே."

"அவன்கிட்ட யாரும் சொல்லல. சொன்னாலும் புரியாது அவனுக்கு."

"என்கிட்டயும் யாரும் சொல்லல."

"நேத்து எனக்கே தெரியாதுக்கா. சத்தியமா."

"நேத்து தெரியாது, நம்பறேன். பாதியில தெரியும்ல? கதவுகிட்ட நின்னு சட்டை கேட்டப்ப தெரியும்ல?"

அவன் காலரைச் சரிசெய்தான்.

"எதுக்குடா மாத்தின? ஒரு நாளும் மாத்தாதவன்."

அவன் தரையைப் பார்த்தான். கண்ணாடியை உடைத்த பையன் அந்த முகத்தில் எங்கேயாவது இருக்கிறானா என்று தேடினாள். "முடிஞ்சதும் போட்டோ எடுப்பாங்க, எல்லா ஊருக்கும் போகும், கேப்டன் அழுக்குச் சட்டையில நிக்காதேன்னு கோச் சொன்னாரு."

மேலே யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். கூட்டமே திருப்பிச் சொன்னது.

விதியைப் படித்துப் பார்த்தால் யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. அந்த விதியை எழுதியவர்கள், இரண்டு பேர் ஆட வந்தால் இரண்டு பேரும் வெல்லத்தான் பார்ப்பார்கள் என்று நம்பி எழுதியிருக்கிறார்கள். அவளும் அதையேதான் நம்பினாள். சேற்றுச் சட்டையோடு வந்த எதிரணிக்குத் தன் இயந்திரத்தைக் காலி செய்து கொடுத்தாரே ஒருவர், அவரும்.

"ரூல்ல தப்பு இல்லடா" என்றாள். "அந்த ரூலை நான் நம்பல. உன்னை நம்பினேன். உன்னை நம்பி இன்னொருத்தரை நம்ப வச்சேன். நம்மளுக்கு வந்த பாயிண்ட்ல ஒண்ணு அந்த மனுஷன் குடுத்தது. மெஷின் ரிப்பேர்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு இந்த சமனை வச்சு நீ போயிருக்க முடியாது."

"நான் அவர்கிட்டப் பேசறேன்க்கா."

"பேசாத. அவர் உனக்கும் வாழ்த்து சொல்லுவாரு. அதை உன்னால கூசாம கேக்க முடியும். அதுதான் எனக்கு பயமா இருக்கு."

அவன் கண் கலங்கியது. அது உண்மையான கலக்கம்தான்; அதனால் ஒன்றும் மாறவில்லை. பழக்க தோஷத்தில் சட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டினான். சின்ன வயதிலிருந்து ஆடிவிட்டு வந்ததும் அவன் செய்கிற காரியம் அது.

அவள் வாங்கினாள். தேய்ப்பு மேஜையில் விரித்தாள். பழைய மடிப்பிலேயே, கை பின்னால், காலர் மேலே, மடித்து அவன் கையில் வைத்தாள்.

"இது அழுக்காகல. அப்படியே போட்டுக்கோ. போட்டோவுக்குக் கூப்பிடறாங்க."

"நீ வரலியா?"

"எனக்குத் துவைக்கிற வேலை இருக்கு."

அவன் மடித்த சட்டையோடு நின்றான். அவள் இன்ஜினின் நனைந்த சட்டையை எடுத்தாள். முதல் பாதி மூட்டையில் தேடித் தம்பியின் கிழிந்த சட்டையையும் எடுத்தாள். ஒரு நிமிஷம் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, கிழிந்ததை மூட்டையிலேயே திரும்பப் போட்டாள். நனைந்த சட்டையை மட்டும் இயந்திரத்தில் போட்டுக் கதவை அழுத்தினாள். இவ்வளவு பெரிய உருளைக்குள் ஒற்றைச் சட்டை. அது ஒரு பக்கமாகச் சேர்ந்து ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டியது.

தம்பி கதவருகில் போய்த் திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. ஜன்னலிலிருந்து இழுத்த துண்டு தரையில் கிடந்தது. அதை எடுத்து உதறி, திரும்ப மாட்டாமல், வாளியில் போட்டாள். வெளியே புல்லில் நிறையக் கால்கள் குதித்துக்கொண்டிருந்தன. சற்று நேரத்தில் தம்பியின் கால்களும் அங்கே போய்ச் சேர்ந்தன.